கேம்பர் வேன்: பகல் படமும் ராத்திரி படமும்

ஜெர்மனியில் கேம்பர் வேன் வாங்கலாம் என்று கிளம்பினால் முதலில் புரிவது, வண்டி என்ற அளவில் தேர்ந்தெடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான். எந்த ஷோரூமுக்குப் போனாலும் வரிசையாக ஃபியட் டுகாட்டோ நிற்கும். இல்லாவிட்டால் அதன் கூடப்பிறந்த பெஜோ பாக்ஸரோ சிட்ரோயன் ஜம்பரோ நிற்கும். தகடும் உருவமும் ஒன்றுதான், மூக்கில் இருக்கும் சின்னம் மட்டும் வேறு. கூடக் கொஞ்சம் காசு போட்டால் மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், ஃபோக்ஸ்வாகன் கிராஃப்டர், ஃபோர்டு டிரான்சிட். அவ்வளவுதான். அந்த இரும்புப் பெட்டிக்குள் படுக்கை எங்கே, அடுப்பு எங்கே, கழிவறை எங்கே என்று அடுக்கும் விதத்தில்தான் ஆளாளுக்கு வித்தை காட்டுகிறார்கள், விலையும் அதில்தான் ஏறுகிறது.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் நான் எழுதுவது யாருக்கும் பயன்படாது. ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறோம். நான், இவர், எட்டு வயது மகள். இவர் 1.83 மீட்டர் உயரம். கோடையில் ஈரோட்டில் இருந்து அத்தை வந்து இரண்டு மூன்று மாதம் எங்களோடு இருப்பார், அவருக்கு முழங்கால் வலி. எனக்கும் இவருக்கும் பி வகை லைசென்ஸ், ஆகவே 3.5 டன்னைத் தாண்டிய வண்டி எதையும் தொட முடியாது. 1999க்கு முன்னால் இங்கே லைசென்ஸ் எடுத்தவர்கள் 7.5 டன் வரை ஓட்டலாம், கண்காட்சிகளில் பெரிய பெரிய வண்டிகளுக்கு முன்னால் நரைத்த தலைகளாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்லாக்கில் ஒவ்வொரு மாடலுக்கும் மேலிருந்து பார்த்த மாதிரி இரண்டு படம் போடுவார்கள். பகல் படத்தில் மேசை, நாற்காலி, திருப்பி வைத்த டிரைவர் சீட். ராத்திரி படத்தில் எல்லா இடமும் மெத்தை. இரண்டுமே அழகாக இருக்கும். ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போக என்ன செய்ய வேண்டும், அதை யார் செய்வது, அந்த நேரத்தில் மற்றவர்கள் எங்கே நிற்பது, இது எதுவும் படத்தில் கிடையாது. நான் எந்த வண்டியைப் பார்த்தாலும் கேட்டது இரண்டு கேள்விதான். ராத்திரி எட்டரை மணிக்குக் குழந்தை தூங்கிவிட்டால் நானும் இவரும் எங்கே உட்காருவது? விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவர் எழுந்தால் எத்தனை பேரைத் தாண்ட வேண்டும்? விற்பவர்கள் குதிரைசக்தியில் ஆரம்பித்து சோலார் பேனலில் முடிப்பார்கள். இந்த இரண்டுக்கும் யோசித்துத்தான் பதில் சொன்னார்கள்.

முதலில் நீளம். டுகாட்டோவில் கேம்பராக மாற்றுவது பெரும்பாலும் மூன்று நீளத்தில்: 5.41 மீட்டர், 5.99 மீட்டர், 6.36 மீட்டர். அகலம் எல்லாவற்றுக்கும் 2.05தான், கண்ணாடிகள் தனி. வழக்கமான பார்க்கிங் இடத்தின் நீளம் ஐந்து மீட்டர் சுற்று வட்டாரம், ஆகவே மூன்றில் எதுவுமே முழுசாக அடங்காது, எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதுதான் வித்தியாசம். 5.99 என்பதை ஏதோ புனித எண் போலப் பேசுவார்கள். பல படகுத்துறைகளில் ஆறு மீட்டருக்கு மேல் கட்டணம் கூடும், சில நிறுத்துமிடங்களில் ஆறு மீட்டர்தான் எல்லை. அதனால் ஒரு சென்டிமீட்டர் குறைத்து நிற்கிறது அந்த எண்.

காகிதத்தில் 5.99க்கும் 6.36க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நாங்கள் ஹாலில் சோபாவை ஓரங்கட்டி, தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டினோம். உள் அகலத்தைக் காட்ட இரண்டு நீண்ட கோடு, குறுக்கே கிச்சனுக்கு ஒரு செவ்வகம், பாத்ரூமுக்கு ஒரு செவ்வகம், பின்னால் படுக்கை. கிச்சன் செவ்வகத்துக்கும் எதிர்ப்பக்கத்து பாத்ரூம் கோட்டுக்கும் நடுவில் இவர் நின்றார், நான் அவரைத் தாண்டிப் பின்பக்கம் போக முயன்றேன். பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, தோளைப் பிடித்துக்கொண்டுதான் போக முடிந்தது. மகளுக்கு இது ஒரே கொண்டாட்டம், நடுவில் புகுந்து புகுந்து போய் வந்துகொண்டிருந்தாள். டேப்பை உடனே எடுக்கவில்லை, அதற்குள்ளேயே சாப்பிட்டோம். கேம்பர் வாங்க நினைக்கும் யாரும் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்து பார்க்கலாம், டேப் மூன்று யூரோதான்.

இப்போது படுக்கைக்கு வருகிறேன். சந்தையில் அதிகம் கண்ணில் படுவது பின்பக்கம் குறுக்கே போட்ட டபுள் பெட். டுகாட்டோவின் பக்கச் சுவர்கள் கிட்டத்தட்ட நேராக ஏறுவதால் குறுக்கே 1.90 முதல் 1.95 வரை படுக்கை கிடைக்கும். ஸ்பிரின்டரும் கிராஃப்டரும் அதைவிட ஒடுக்கம், அதில் குறுக்கே படுக்க வைப்பதற்காகச் சுவரை வெட்டி வெளிப்பக்கம் பிதுக்கம் வைக்கிறார்கள். குறுக்குப் படுக்கையால் நீளம் மிச்சம், ஆகவே 5.41 மீட்டர் வண்டியிலேயே படுக்கை, கிச்சன், கழிவறை எல்லாம் அடங்கிவிடும். படுக்கைக்குக் கீழே சாமான் வைக்கப் பெரிய இடம். இரண்டு பேருக்கு, அதுவும் இரண்டு பேருமே உயரம் குறைவு என்றால், இதைவிடக் கெட்டிக்காரத்தனமான அமைப்பு கிடையாது.

ஆனால் மூன்று மணிக் கேள்வி? குறுக்கே படுத்தால் ஒருவர் பின்கதவை ஒட்டிப் படுப்பார், மற்றவர் உள்பக்கம். கதவோரம் இருப்பவர் எழுந்தால் இன்னொருவர் மேல் ஏறித்தான் வர வேண்டும். கூடவே டுகாட்டோவின் பின்கதவு இரண்டு தகடு சேரும் இடம், குளிர் மாதத்தில் அந்த இடுக்கில் காற்று வரும், பழைய ஆட்கள் அங்கே கனத்த திரை ஒன்று மாட்டிவைப்பார்கள். இவர் 1.83, தலையணை வைத்துக் குறுக்கே படுத்தால் தலை ஒரு சுவரில், பாதம் மறு சுவரில். சி.எம்.டி. என்ற சுற்றுலா, கேம்பர் கண்காட்சி ஜனவரியில் ஸ்டுட்கார்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நடக்கும், அங்கே போய் ஷூவைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வண்டியிலும் ஏறிப் படுத்தோம். கூச்சமே படக்கூடாது. இங்கே எல்லோரும் படுத்துப் பார்க்கிறார்கள், சிலர் கண்ணை மூடிக்கொண்டு தூங்கியே விடுகிறார்கள்.

வீடியோ காலில் அத்தைக்கும் காட்டினேன். குறுக்குப் படுக்கை தரையில் இருந்து இடுப்புக்குச் சற்றுக் கீழ் வரை உயரம் இருக்கும், கீழே சாமான் இருப்பதால். பார்த்த உடனே கேட்டார்: "ஏங்கண்ணு, ராத்திரி ஒண்ணுக்குப் போகோணும்னா இந்தப் பரண்ல இருந்து எப்படி எறங்கறது?" கண்காட்சியில் ஒரு விற்பனையாளரும் சொல்லாத விமர்சனம்.

குழந்தைக்கு என்ன செய்வது என்பதற்கு மூன்று வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, மேசையை இறக்கி, மெத்தைத் துண்டுகளைப் பொருத்தி, முன்பக்க இருக்கையையே சின்னப் படுக்கையாக்குவது. கேட்லாக்கில் "மூன்றாவது படுக்கை" என்று எழுதியிருப்பது பல நேரம் இதுதான். இதில்தான் எட்டரை மணிக் கேள்வி அடிவாங்குகிறது, குழந்தை அங்கே தூங்கிவிட்டால் வண்டியில் உட்காரவே இடம் கிடையாது, பெரியவர்களும் எட்டரைக்கே படுக்க வேண்டும், அல்லது மழையில் வெளியே நாற்காலி போட வேண்டும். இரண்டாவது, பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குறுக்குப் படுக்கை. நாலு பேர் படுக்கலாம். ஆனால் கீழ்ப் படுக்கையில் எழுந்து உட்கார முடியாது, சாமான் இடமும் பாதி போகும். நான் கீழே படுத்துப் பார்த்தேன். ரயிலில் சைடு லோயர் என்றால்கூட சந்தோஷமாகப் படுத்துக்கொள்ளும் எனக்கே மூச்சு முட்டியது.

மூன்றாவது, மேலே தூக்கும் கூரை. கூரையின் ஒரு பாகம் மேலே எழும், பக்கத்தில் கூடாரத் துணி, உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். குழந்தைகளுக்கு இதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது, எங்கள் வீட்டிலும் அப்படித்தான், ஏணியில் ஏறியவளை இறக்குவது பெரும்பாடாகிவிட்டது. எட்டரை மணிக் கேள்விக்கும் சரியான பதில்: அவள் மேலே தூங்க, நாங்கள் கீழே உட்காரலாம். ஆனால் அது துணிச்சுவர். அக்டோபரில் தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்து அல்கொய் பக்கம் போனால் குளிரும், காற்றடித்தால் படபடக்கும், மழையில் நனைந்த துணியோடு மடித்தால் வீட்டுக்கு வந்து மறுபடி திறந்து காயவைக்க வேண்டும். எடையும் நூறு கிலோவைத் தாண்டும். எடை விஷயம் தனிக் கதை, கீழே வருகிறேன்.

ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா என்ற சின்ன கேம்பரை ஏன் பார்க்கவில்லை என்று ஆபீஸில் எல்லோரும் கேட்டார்கள். பார்த்தோம். நல்ல வண்டி. பழைய மாடலின் உயரம் 1.99 மீட்டர், நகரத்து நிலத்தடி பார்க்கிங்கில் நுழையும், வார நாளில் அலுவலகம் போகலாம், வார இறுதியில் ஏரிக்கரை போகலாம். ஒரே காராக வைத்துக்கொள்பவர்களுக்கு அது சரி. ஆனால் கீழ்ப் படுக்கை 1.14 அகலம், கழிவறைக்கென்று தனி இடம் கிடையாது, உள்ளே நிமிர்ந்து நிற்கக் கூரையைத் தூக்க வேண்டும். விலையோ பெரிய டுகாட்டோ விலை.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் 6.36 மீட்டர் வண்டிகளின் நீளவாக்குப் படுக்கைக்கு வந்தோம். பின்பக்கம் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு ஒற்றைப் படுக்கைகள், நடுவில் நடைபாதை. ஒரு பக்கம் இரண்டு மீட்டர், இன்னொரு பக்கம் 1.90 என்று சற்றே முன்பின்னாக இருக்கும். இங்கே இது வயதான தம்பதிகளுக்கான அமைப்பு என்றே பெயர். ஆளுக்கொரு படுக்கை, ஆளுக்கொரு வாசிப்பு விளக்கு, யாரும் யாரையும் தாண்ட வேண்டாம். விற்பனையாளர் எங்களைப் பார்த்ததும், மூன்று பேர் என்றால் இது சரிவராது, ஒரு குழந்தை அதிகம் என்று அடுத்த வண்டிக்குக் கூட்டிப்போகப் பார்த்தார்.

நடுவில் பலகையும் மெத்தைத் துண்டும் போட்டு இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று இவர் கேட்டார். முடியும், ஆப்ஷனாகக் கிடைக்கும். விற்பனையாளர் போட்டுக் காட்டினார். சுவரில் இருந்து சுவர் வரை ஒரே மெத்தை, கிட்டத்தட்ட 1.90க்கு 1.90. அவருக்கு அது இணைத்த இரட்டைப் படுக்கை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஏனென்றால் இது ஊரில் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பது மாதிரிதான், தலைமாடு ஒரு பக்கம், கால்மாடு ஒரு பக்கம், நடுவில் குழந்தை. மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். கால் பக்கம்தான் வண்டியின் உள்பக்கம், ஆகவே யார் எழுந்தாலும் கீழ்ப்பக்கமாக நகர்ந்து இறங்கினால் போதும், யார் மேலும் ஏற வேண்டாம். மகள் எட்டரைக்குத் தூங்கினால் நடுத் திரையை இழுத்துவிட்டு நாங்கள் முன்னால் மேசையில் உட்காரலாம். இரண்டு கேள்விக்கும் ஒரே அமைப்பில் பதில் கிடைத்தது இங்கேதான்.

குறை இல்லாமல் இல்லை. பகலில் அந்த நடு மெத்தையை எங்காவது செருக வேண்டும். படுக்கைகளுக்கு அடியில் ஒரு பக்கம் ஹீட்டர், இன்னொரு பக்கம் தண்ணீர்த் தொட்டி என்று இடம் போய்விடும், குறுக்குப் படுக்கையின் அடியில் கிடைக்கும் குகை இதில் கிடையாது. வண்டியும் நீளம், பழைய ஊர்களின் சந்துகளில் வளைக்கும்போது பின்பக்கம் எங்கே இருக்கிறது என்று ஒருவர் இறங்கிப் பார்க்க வேண்டும்.

அத்தை வந்தால்? அவரும் மகளும் நானும் பின்னால், இவருக்கு வெளியே ஒரு சின்ன டென்ட். இதைச் சொன்னபோது இவர் ஒன்றும் சொல்லவில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தையை மனதில் வைத்துத்தான் ஸ்பிரின்டரையும் விட்டோம், விலை ஒரு பக்கம் இருக்கட்டும். டுகாட்டோ முன்சக்கர ஓட்டம், எஞ்சின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டு கிடையாது, அதனால் தரை தாழ்வு. பின்சக்கர ஓட்டம் உள்ள ஸ்பிரின்டரில் தரை மேலே ஏறிவிடும். பக்கக் கதவு வழியாக ஏறும்போது அந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். மலைப்பாதையில், பனியில், ஈரப் புல்லில் ஸ்பிரின்டர்தான் ராஜா என்பார்கள், இருக்கலாம், நாங்கள் ஈரப் புல்லில் மாட்டிக்கொண்டால் பக்கத்து டிராக்டரைக் கூப்பிடுவோம்.

இந்தத் தொழில் ஆரம்பித்ததே குடும்பத்தைக் கூட்டிப்போகத்தான். 1931இல் இங்கே அல்கொய் பகுதியில் இஸ்னி என்ற ஊரில் ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ் என்பவர், சாட்டை செய்து விற்கும் குடும்பத்துக்காரர், விற்பனைக்காக ஊர் ஊராகப் போக வேண்டியவர், அவருடைய வருங்கால மனைவியும் ஓவியருமான ஃபிரிடல் தானும் கூட வர வேண்டும் என்று விரும்பியதால் காரின் பின்னால் இழுத்துப்போகும் சின்ன வீடு ஒன்றைக் கட்டினார். ஜெர்மனியின் முதல் காரவான் அது. ஆனால் இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் வேன்களைப் பார்த்தால் இரண்டு பேரும் அவர்களின் இரண்டு எலெக்ட்ரிக் சைக்கிளும் மட்டும் உலகத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது.

கிச்சன். பெரும்பாலான வேன்களில் பக்கக் கதவை ஒட்டித்தான் இருக்கும், இரண்டு பர்னர், கண்ணாடி மூடி, கையகல சிங்க். கதவைத் திறந்து வைத்துச் சமைக்கலாம், தாளிப்புப் புகை வெளியே போகும், அது நல்ல அமைப்பு. காலைச் சமையல் எங்கள் வீட்டில் இவருடையது, ஆகவே கண்காட்சிக்குக் குக்கரைப் பையில் போட்டு எடுத்துவந்ததும் இவர்தான். பிரெஸ்டீஜ் குக்கரின் நீளக் கைப்பிடி எந்தப் பக்கம் திருப்பினாலும் பக்கத்து பர்னருக்கு மேலே போய் நிற்கிறது, இல்லாவிட்டால் நடக்கும் வழியில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு பர்னரையும் சேர்த்துப் பயன்படுத்த இரண்டு பக்கமும் குட்டைக் காது வைத்த குக்கர்தான் வேண்டும். விசில் அடிக்கும்போது நீராவி நேராக மேலே இருக்கும் அலமாரியின் அடியில் போய் முட்டும், பிளைவுட் ஊறும். சோற்றுக்குச் சின்ன ரைஸ் குக்கர் என்று முடிவு. ஐநூறு வாட்டுக்குள் ஓடும். சில நிறுத்துமிடங்களில் 6 ஆம்பியர் மின்சாரம்தான் கிடைக்கும், அதாவது 1,380 வாட். இண்டக்‌ஷன் அடுப்பை முழுசாக வைத்தால் உடனே டிரிப் ஆகும், ரைஸ் குக்கர் ஓடும்.

ஃபிரிட்ஜ் பழைய வண்டிகளில் கேஸிலும் ஓடும் வகை, வண்டி சாய்வாக நின்றால் அதற்குப் பிடிக்காது, வெயிலிலும் திணறும். கம்ப்ரஸர் வகை என்றால் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரியே, ஆனால் பேட்டரியைக் குடிக்கும். இட்லி மாவு டப்பாவை நம்பி வைக்கக் கம்ப்ரஸர்தான்.

கழிவறை விஷயத்தில் மட்டும் இங்கத்திய விமர்சனங்களை நான் மதிப்பதே இல்லை. வேன் பாத்ரூமில் ஷவரும் டாய்லெட்டும் ஒரே சின்ன இடத்தில்தான், குளித்தால் எல்லாம் நனையும், அய்யோ நனைகிறதே என்று பக்கம் பக்கமாகப் புலம்புகிறார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற ஆட்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? தரையே ஷவர் தட்டு, மக் வைத்துக்கொள்ளலாம், துடைத்துவிட்டு வந்தால் முடிந்தது. நான் பார்த்தது வேறு. இருக்கை மேல் உட்கார்ந்தால் முழங்கால் எதிர்ச்சுவரில் இடிக்கிறதா, கதவு தள்ளும் வகையா மடிக்கும் வகையா, நுழையும் இடத்தில் படி எவ்வளவு உயரம். ஹீட்டரோடு சேர்ந்த பாய்லரில் பத்து லிட்டர் வெந்நீர்தான் இருக்கும். ஷவரில் விட்டால் ஒருவர் தலைக்குக் குளிக்கவே பத்தாது, வாளியில் விளாவிக்கொண்டால் இரண்டு பேர் குளிக்கலாம். டாய்லெட்டின் கழிவு கேசட் பதினேழு பதினெட்டு லிட்டர் பிடிக்கும், மூன்று பேர் என்றால் இரண்டு நாளில் நிறையும், வெளியில் இருந்து இழுத்து, சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். அந்த வேலை யாருடையது என்பதை வண்டி வாங்குவதற்கு முன்பே பேசிவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

எடை. இதை யாரும் சிரித்துக்கொண்டே சொல்லித்தர மாட்டார்கள். வண்டி 3,500 கிலோ வரை போகலாம். ஆறு மீட்டருக்கு மேல் நீளமான ஒரு வேன் காகிதத்தில் 2,950 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் டிரைவர் 75 கிலோவும், டீசலும், கேஸும், கொஞ்சம் தண்ணீரும் சேர்த்தே கணக்கு. மிச்சம் 550. நாலு இருக்கை என்றால் மற்ற மூன்று பேருக்குத் தலைக்கு 75 கழியுங்கள், 325. வெயில் மறைப்புக்கு முப்பது, சைக்கிள் ஸ்டாண்டும் சைக்கிள்களும் சேர்த்து அறுபத்தைந்து. 230 ஆகிவிட்டது. காகிதத்தில் தண்ணீர் இருபது லிட்டர்தான் போட்டிருப்பார்கள், நீங்கள் நூறு லிட்டர் தொட்டியை நிரப்பினால் இன்னும் எண்பது கிலோ. ஆக 150 கிலோவுக்குள் துணி, போர்வை, பாத்திரம், நாற்காலி, மேசை, கேபிள், அரிசி மூட்டை எல்லாம். இதன் மேல் நூறு கிலோ தூக்கும் கூரையும் வைத்தால் அரிசியைத்தான் இறக்க வேண்டும். ஐரோப்பிய விதியில் குறைந்தபட்ச சாமான் எடைக்கு ஒரு சூத்திரமே இருக்கிறது: ஆட்கள் எண்ணிக்கையையும் வண்டி நீளத்தையும் கூட்டிப் பத்தால் பெருக்க வேண்டும். நாலு பேர், ஆறு மீட்டர் என்றால் நூறு கிலோ. நாலு பேருக்கு நூறு கிலோ! ஈரோட்டில் இருந்து அத்தை கொண்டுவரும் பொடி, வடகம், ஊறுகாய்க்கே ஒரு தனி அச்சு வேண்டும்.

கேட்லாக் எடையை நம்பாமல், ஆப்ஷன்கள் எல்லாம் சேர்ந்த அந்தக் குறிப்பிட்ட வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பழைய வண்டி என்றால் இது சுலபம், விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

இன்னொரு எண், பெல்ட் உள்ள இருக்கை. அஞ்சு பேர் படுக்கலாம் என்று எழுதியிருக்கும் வண்டியிலும் பெல்ட் நாலுதான் இருக்கும். முன்னால் இரண்டு, அதற்குப் பின்னால் இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு. இங்கே பன்னிரண்டு வயது வரை, அல்லது 1.50 மீட்டர் உயரம் வரும் வரை, குழந்தைக்கு அதற்கான சீட் கட்டாயம். சில பெஞ்சுகளில் அந்த சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கும், சிலவற்றில் இருக்காது. பெஞ்சின் முதுகு நட்டுக்குத்தலாக இருப்பதால் மோசல் ஆற்றங்கரை ஊர்கள் வரை போகும் தூரத்துக்கே அத்தைக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், அவர் முன்னால், நான் பெஞ்சில்.

கடைசியில் எடுத்தது சில வருடம் ஓடிய 6.36 மீட்டர் டுகாட்டோ. புது வண்டி 60,000 யூரோவைத் தாண்டிவிடுகிறது, ஆப்ஷன் போடப் போட ஏறுகிறது. தனியார் ஒருவரிடம் வாங்கினோம். வாங்கும்போது இவர் ஈரமானி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போய், கூரை ஜன்னல்களைச் சுற்றியும் பின்கதவு மேல் மூலைகளிலும் வைத்துப் பார்த்தார். ஈரம் ஏறிய வேனை வாங்குவது அடுத்தவர் கடனைக் கட்டுவதுதான். டயரின் ஓரத்தில் நாலு எண் இருக்கும், எந்த வாரம் எந்த வருடம் செய்தது என்று, கேம்பர்களில் டயர் தேயாமலே கிழமாகிவிடும், ஆகவே பட்டனை மட்டும் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லக்கூடாது. கேஸ் சோதனைத் தாள் கேட்டு வாங்கினோம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது, 2025 ஜூன் 19 முதல் சட்டப்படி கட்டாயம்.

தெருவில் நிறுத்தப் பிரச்சினை இல்லை, நடைபாதையில் ஏற்றி நிறுத்த மட்டும் கூடாது, அதற்கு 2.8 டன்தான் எல்லை. நம்பர் பிளேட் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்கானதாக எடுத்திருக்கிறோம், வரியும் இன்சூரன்ஸும் அந்த மாதங்களுக்கு மட்டும். குளிர்காலத்துக்குப் பக்கத்து ஊர் விவசாயி ஒருவரின் கொட்டகையில் இடம் பிடித்தாயிற்று.

பழைய ஓனர் தம்பதி, ஆளுக்கொரு படுக்கையில் படுத்துப் பழகியவர்கள், நடுவில் போடும் மெத்தையை வாங்கவே இல்லையாம். பலகை இருக்கிறது, மெத்தை இல்லை. ஃபோம் வெட்டித் தரும் கடையில் அளவு கொடுத்திருக்கிறோம், பக்கத்து மெத்தைகளின் கனத்துக்கு மில்லிமீட்டர் சுத்தமாக வர வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் படுப்பவள் பள்ளத்திலோ மேட்டிலோ கிடப்பாள். மூன்றுக்கும் சேர்த்து உறைத்துணி ஈரோட்டிலேயே எடுத்து வருகிறேன் என்று அத்தை சொல்லிவிட்டார். அளவு எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார், என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.